தொண்டும் தொடர்ச்சியும்

'தொண்டு' என்னும் சொல்லை அகராதியிற் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். பிறர்க்குச் செய்யும் பணி என்பது யாவரும் அறிந்த பொருள். ஒன்பது என்னும் எண்ணுக்கும் பழந்தமிழில் தொண்டு என்று பெயர். இவையன்றிப் பழமை என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. 'தொண்டுகிழம்' என்று நம் ஊர்களில் இன்றும் வழங்கும் தொடரில் வாழ்வது அப்பொருளே. பணியைக் குறிக்கும் சொல்லுக்கும் பழமையைக் குறிக்கும் சொல்லுக்கும் வேர் வேறாக இருக்கலாம். ஆயினும் பள்ளி மாணவர்களின் தொண்டு மன்றங்களோடு சில ஆண்டுகள் பழகிய நமக்கு, இவ்விரு பொருளும் ஒரே ஒலியில் கூடி நிற்பது பொருத்தமாகவே தோன்றுகிறது. நாளும் ஆண்டும் கடந்து நிலைக்கும் பணியே அப்பெயருக்கு முழுத் தகுதி பெறுகிறது என்பது நம் கருத்து. அக்கருத்து நம் உள்ளத்தில் ஊன்றிய வகையினை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மன்றங்களும் அவற்றின் ஆயுளும்

நம் பள்ளிகளில் தொண்டு மன்றங்களுக்குக் குறைவில்லை. சாரண இயக்கம் 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய சிறு முகாமிலிருந்து தொடங்கியது. ஜூனியர் ரெட் கிராஸ், தேசிய பசுமைப் படை, ரோட்டரி சங்கத்தார் 1962இல் தொடங்கிய இன்டராக்ட் மன்றம் எனப் பல அமைப்புகள் மாணவர்களைப் பொதுப்பணிக்கு அழைக்கின்றன. இவற்றுள் மேல்நிலை வகுப்பு மாணவர்களிடையே பரவலாக அறியப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டமாகும். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் அது தொடங்கி வைக்கப்பட்டது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 'நான்' பின்னே நிற்க 'நீ' முன்னே வரவேண்டும் என்பதே அதன் குறிக்கோள் வாசகத்தின் சாரம்.

அத்திட்டத்தின் சின்னம் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்களும் நாளொன்றின் 24 மணி நேரத்தைக் குறிப்பன என்பர். ஆரமொன்றுக்கு மூன்று மணி நேரம். அதாவது நம் முன்னோர் கணக்கில் ஏழரை நாழிகை கொண்ட ஒரு சாமம். எட்டுச் சாமமும் பணிக்கு அணியமாக இருக்கவேண்டும் என்பது சின்னம் உணர்த்தும் செய்தி. ஆனால் பள்ளியின் நடைமுறையோ வேறு. பதினோராம் வகுப்பில் சேரும் மாணவன் முதலாண்டில் பணியைக் கற்கிறான். இரண்டாம் ஆண்டில் தலைமை ஏற்கிறான். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவனைப் பொதுத் தேர்வு இழுத்துக்கொள்கிறது. எஞ்சுவன ஆறேழு மாதங்களே. பள்ளி மன்றத் தலைமையின் உண்மையான ஆயுள் இவ்வளவுதான்.

இக்குறுகிய ஆயுளின் விளைவை யாவரும் கண்டிருப்பர். சென்ற ஆண்டு குழி தோண்டிய அதே இடத்தில் இவ்வாண்டும் குழி தோண்டி, அங்கேயே ஒரு மரக்கன்றை நட்டு, அருகில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் வேடிக்கை எத்தனையோ வளாகங்களில் நிகழ்கிறது. கன்று பட்டுப்போனதற்கு மாணவரின் மனக்குறை காரணமன்று. மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று நடும்போதே எவரும் கேட்பதில்லை. வேரூன்றும் வரை தாங்குவதற்கு ஆளில்லாத கன்று எவ்வளவு ஆர்வத்தோடு நடப்பட்டாலும் பட்டுத்தான் போகும்.

அறிதல் என்னும் முதற்படி

நாம் கல்லூரிப் பணிக்கு வருமுன், 2006 முதல் 2013 வரை, காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. முதற்கூட்டத்தில் மாணவர்களிடம் என்ன செய்யலாம் என்று கேட்டோம். பேரணி, மரம் நடுதல், கோயில் குளம் தூய்மை செய்தல், பள்ளிவாசல் தெருவைப் பெருக்குதல் என விடைகள் விரைந்து வந்தன. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும், "ஐயா, தபால் நிலையத்துக்குப் போனால் யாராவது ஒரு பாட்டி என் சட்டையைப் பிடித்து, 'தம்பி, இதை எழுதிக் கொடு' என்கிறார்கள். சீருடையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்" என்றான். அவன் ஒரு திட்டத்தை முன்மொழியவில்லை. தான் கண்டதைச் சொன்னான். அதுவே நம் மன்றத்தின் பணியாயிற்று.

திருக்குறளின் 22ஆம் அதிகாரத்திற்கு 'ஒப்புரவறிதல்' என்று பெயர். அதனை அடுத்து வருவது 'ஈகை'. ஈகைக்கு இல்லாத 'அறிதல்' என்னும் சொல் ஒப்புரவுக்கு ஏன் சேர்ந்தது என்பது வகுப்பறையில் நாம் விரும்பிக் கேட்கும் வினா. கேட்பவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரின் நடையறிந்து, யார்க்கு எது குறை என்று உணர்ந்து ஒழுகுவது ஒப்புரவு. அதற்கு அறிதல் வேண்டும். பள்ளி மன்றத்தை நடத்துவோர்க்கு முதல் வேலை இதுவே. நம்மிடம் எது மிகுதியாக உள்ளது என்று பார்ப்பதற்கு முன், ஊரில் எது குறைவாக உள்ளது என்று பார்க்கவேண்டும். மேல்நிலை மாணவனிடம் பணமில்லை, வலிமையும் ஓரளவே. எழுத்தும் வாசிப்பும் உண்டு. அவை இல்லாதவர்கள் அஞ்சலகத்தின் வாயிலிலேயே நின்றுகொண்டிருந்தனர்.

சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை எனக் காலம் வரையறுத்தோம். அஞ்சலக அதிகாரி இசைவளித்தார். தாழ்வாரத்தில் தபால் தலை ஒட்டும் பழைய மேசையும், அதன்மேல் பசை டப்பாவும், நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. அங்கே இருவர் இருவராக மாணவர் அமர்ந்தனர். சேமிப்புக் கணக்கிலிருந்து பணமெடுக்கும் படிவம் நிரப்புவது, முகவரி எழுதுவது, வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவது ஆகியன அவர்களின் வேலை.

பிறர் பணத்தோடு தொடர்புடைய பணியாதலால் நான்கு விதிகளை மாணவரோடு கலந்து வகுத்தோம். பணத்தைக் கையால் தொடுதல் ஆகாது. எழுதி முடித்த படிவத்தை உரியவர்க்கு உரக்க வாசித்துக் காட்டிய பின்னரே அவர் கைநாட்டு இடவேண்டும். வெற்றுப் படிவத்தில் இடுதல் கூடாது. சாட்சிக் கையொப்பம் மாணவர் எவரும் இடலாகாது. ஒருவர் கணக்கில் உள்ள தொகையை மற்றவரிடம், வீட்டாரிடமும்கூட, சொல்லலாகாது. இந்நான்கனுள் கடைசி விதியே கடைப்பிடிக்க அரியது என்பதைப் பின்னர் அறிந்தோம்.

தலைவனைத் தேர்ந்த முறை

மன்றத்திற்கு மாணவத் தலைவன் ஒருவன் வேண்டும். பள்ளிகளில் இப்பொறுப்பு முதல் மதிப்பெண் பெறுபவனுக்கோ மேடையில் முழங்குபவனுக்கோ சென்று சேர்வது வழக்கம். நாம் ஒரு மாதம் பொறுத்திருந்தோம். முதல் சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்தனர். இரண்டாம் வாரம் பதினைவர். மூன்றாம் வாரம் மழை, ஒன்பதின்மர். நான்காம் வாரம் அறுவர். அந்த அறுவருள் ஒருவன், முதற்கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து பேசிய அம்மாணவன். மேடையேறினால் நா எழாதவன். ஆயினும் பாட்டிமார் கூறுவதைக் குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்தவன். அவனையே தலைவனாக்கினோம்.

சில வாரங்களில் அவன் தந்தையார் நம்மைக் காண வந்தார். கடைத்தெருவில் சிறு துணிக்கடை வைத்திருப்பவர். "அய்யா, பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். சனிக்கிழமை தபாலாபீசில் உட்கார்ந்தால் மார்க்கு யார் தருவார்?" என்றார். அவர் கவலை நியாயமானது. கிழமைக்கு இரண்டு மணி நேரமே என்றும், டிசம்பரோடு அவன் பணி முடியும் என்றும் கூறினோம். மறுமொழி ஏதும் சொல்லாமல் சென்றார். அடுத்த சனிக்கிழமை அஞ்சலகத்திற்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் அரைமணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகனிடம் ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் கடையிலிருந்து ஒரு பெட்டி பேனா வந்தது.

ஒரு கணக்குப் புத்தகம்

பச்சை நிற ஒயர்க் கூடையோடு ஒரு மூதாட்டி வருவார். நான்கு வாரம் வந்தும் மேசையருகே வரவில்லை. தாழ்வாரத் திண்ணையில் அமர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஐந்தாம் வாரம் கூடையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து, "இதுல எவ்வளவு இருக்குன்னு பாரு தம்பி" என்றார். பதினோராம் வகுப்பு மாணவன் வாங்கிப் பார்த்து, மூவாயிரத்து இருநூறு ரூபாய் என்று வாசித்தான். மூதாட்டியின் முகம் மாறியது. எட்டாயிரம் இருப்பதாக அவருடைய மருமகன் சொல்லியிருந்தார். படிவம் எழுதி, கைநாட்டு வாங்கி, பணம் எடுத்துக்கொடுத்து வந்தவரும் அவரே.

இளைய மாணவன் சினந்தான். "யார் எடுத்தது பாட்டி? காவல் நிலையத்தில் சொல்லலாம் வாங்க" என்று எழுந்தே விட்டான். தலைவன் அவன் தோளில் கைவைத்து அமர்த்தினான். பின் மூதாட்டியிடம், "பாட்டி, முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கட்டுமா?" என்றான். நாளும் தொகையுமாக ஒவ்வொன்றையும் வாசித்தான். அவர் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். வாசித்து முடிந்ததும், "அதிகாரி அய்யாவிடம் கேட்கணும்னா நாங்கள் கூட வருகிறோம்" என்றான். "வேணாம் தம்பி. புத்தகம் எங்கிட்ட இருந்தாப் போதும்" என்று அவர் கூடையை இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வாரம் அவர் தனியாக வந்து, தாமே தொகை சொல்லி, இருநூறு ரூபாய்க்குப் படிவம் எழுதச் சொன்னார். அன்று பள்ளிக்குத் திரும்பும் வழியில் இளைய மாணவன் நம்மிடம், "ஐயா, அநியாயத்தைக் கண்டும் பேசாமல் இருப்பது தொண்டாகுமா?" என்று கேட்டான். எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. அம்மூதாட்டி அவ்வீட்டில்தான் உண்ணவும் உறங்கவும் வேண்டும். வழக்கை எடுப்பதா விடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. அம்முடிவை எடுக்கத் தேவையான செய்தி இத்தனை ஆண்டுகள் அவர் கைக்கு எட்டாதிருந்தது, இப்போது எட்டியது. உடன் வரவும் ஆளிருக்கிறது என்பதும் அவர்க்குத் தெரியும். இதனை அவனுக்குக் கூறினோம். அவன் முழுதும் ஏற்றான் என்று சொல்வதற்கில்லை. ஏற்காத அவ்வுள்ளமும் மன்றத்திற்கு வேண்டியதே எனக் கருதினோம்.

இந்நிகழ்ச்சியில் நாம் கண்டது மற்றொன்றும் உண்டு. புத்தகத்தை வெளியே எடுக்க அவருக்கு ஐந்து வாரங்கள் தேவைப்பட்டன. சனிக்கிழமைதோறும் மேசையில் ஆள் இருக்கிறதா என்று அவர் நான்கு வாரம் சோதித்திருக்கிறார். ஒருநாள் விழாவாக நாம் அதனை நடத்தியிருப்பின், அவர் கூடையைத் திறந்திருக்க மாட்டார்.

ஒப்படைப்பு ஏடு

டிசம்பர்த் தொடக்கத்தில் தலைவனே நம்மிடம் வந்தான். "ஐயா, ஜனவரி முதல் எங்களுக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. நாங்கள் வராவிட்டால் அந்தப் பாட்டி மறுபடி யாரிடம் புத்தகத்தைக் கொடுப்பார்?" என்றான். அவ்வினாவிலேயே தலைமையின் இலக்கணம் அடங்கியிருந்தது. அவன் ஒரு நாற்பது பக்க ஏட்டை வாங்கி, அதனுள் எழுதத் தொடங்கினான். கணக்கு எண்ணோ தொகையோ அதில் இல்லை, பெயரும் இல்லை. அதில் இருந்தவை இத்தகைய குறிப்புகள்: 'பச்சைக் கூடைப் பாட்டி: இடக்காது கேளாது; வலப்புறம் அமர்ந்து வாசிக்கவும்.' 'தடி ஊன்றி வரும் பெரியவர்: மகன் வெளிநாட்டில்; கடிதத்தை இருமுறை வாசிக்கச் சொல்வார்; சலிக்கக்கூடாது.' 'வெற்றிலைக்கார அம்மா: கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடக் கற்றுவருகிறார், நேரம் கொடுக்கவும்.'

டிசம்பர் முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனும் இணைந்து அமர்ந்தனர். முதல் இரண்டு வாரம் மூத்தவன் எழுதினான்; இளையவன் பார்த்தான். பின்னிரண்டு வாரம் இளையவன் எழுதினான், மூத்தவன் பார்த்தான். ஜனவரியில் மூத்தவர்கள் விலகியபோது மேசை காலியாகவில்லை. சினந்தெழுந்த அந்த இளைய மாணவன்தான் அடுத்த ஆண்டின் தலைவன். நாம் அப்பள்ளியை விட்டு வந்த 2013இல் அவ்வேடு மூன்றாவது ஏடாக வளர்ந்திருந்தது.

வரலாறு காட்டும் சான்று

உலக வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இத்தாலியின் சொல்பெரினோவில் பெரும்போர் நிகழ்ந்தது. அவ்வழியே வணிகத்தின்பொருட்டு வந்த சுவிஸ் நாட்டவரான ஹென்றி துனாந்து, காயமுற்றுக் கிடந்தோரைக் கண்டு, அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் ஊரின் மகளிரைத் திரட்டி, நண்பர் பகைவர் என்று பாராது பணிவிடை செய்வித்தார். அவ்வளவோடு அவர் நின்றிருந்தால் அது ஓர் ஊரின் நினைவாக முடிந்திருக்கும். அவர் 1862இல் நூலெழுதி, ஒவ்வொரு நாட்டிலும் போர் வருமுன்னரே பயின்ற தொண்டர் அமைப்பு இருத்தல் வேண்டும் என வேண்டினார். 1863இல் ஜெனீவாவில் குழு அமைந்தது. 1864இல் ஜெனீவா ஒப்பந்தம் உருவாயிற்று. துனாந்து பின்னர்ப் பொருளிழந்து, பல்லாண்டுகள் உலகால் மறக்கப்பட்டிருந்தார். 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் மறக்கப்பட்டிருந்த அவ்வாண்டுகளிலும் செஞ்சிலுவை இயங்கிக்கொண்டே இருந்தது என்பது எண்ணத்தக்கது.

நம் மண்ணிலேயே சான்று தேடுவோர்க்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி இருக்கிறார். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பது தமிழர் அனைவரும் அறிந்த பழமொழி. நாடி வந்த புலவர்க்கு மண்ணறைக்குள்ளிருந்தே மோதிரக் கையை நீட்டினார் என்று கதை வழங்கும். கதையினும் நம் உள்ளத்தைக் கவர்வது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் சீதக்காதி. நூல் நிறைவுறுமுன் அவர் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றுப் புலவரை ஆதரித்தார் என்பர். ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தாங்கியதால் தமிழுக்கு ஒரு காப்பியம் வாய்த்தது. செத்தும் கொடுத்தல் என்பதற்கு இப்படியும் பொருள் கொள்ளலாம் அல்லவா?

இன்றைய தேவை

அஞ்சலகங்கள் கணினி மயமாகிவிட்டன. படிவம் நிரப்பும் தேவை முன்போல் இல்லை. ஆனால் எழுத்தறியாதவரின் இடர் தீர்ந்துவிடவில்லை, உருமாறியிருக்கிறது. கைநாட்டு வைத்த பெருவிரல் இன்று ரேகைக் கருவியில் பதிகிறது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று அறியாத முதியோர் ஏமாற்றப்படும் செய்திகள் நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. கைப்பேசிக் குறுஞ்செய்தியை வாசித்துக் காட்ட ஒரு மாணவன், சனிக்கிழமைதோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருப்பானாயின் அதுவும் பெருந்தொண்டே. பணத்தைத் தொடலாகாது என்ற பழைய விதியோடு, பிறர் ஓ.டி.பி. எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்கலாகாது என்ற புதுவிதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாகச் சில சொற்கள். ஆசிரியப் பெருமக்கள் மன்றத்தின் பணியைப் பேரணியிலும் ஒளிப்படத்திலும் அளவிடாமல், நான்காம் வாரம் யார் வந்தார் என்பதில் அளவிட வேண்டுகிறோம். நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணியை எதிர்பார்க்கிறது. அம்மணிகளைப் பல இடங்களில் சிதறாமல் ஓரிடத்தில் ஊன்றச் செய்தல் பொறுப்பாசிரியர் கையில் உள்ளது. ஊர்ப் பெரியவர்கள், மக்களின் மதிப்பெண்ணைப் பற்றிய கவலையோடு ஒருமுறையேனும் அவர்கள் பணி செய்யும் இடத்திற்கு எதிரே நின்று பார்க்க வேண்டுகிறோம். பேனாப் பெட்டி தாமே அனுப்பத் தோன்றும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் பள்ளியில் இத்தகைய மன்றங்களில் பணியாற்றி இங்கு வந்திருப்பீர்கள். சிலர் நாளை ஆசிரியராகி அவற்றை நடத்தவும் போகிறீர்கள். பொறுப்பேற்கும் நாளிலேயே உமக்குப் பின் யார் என்று எண்ணத் தொடங்குங்கள். உம்மை நாடி வருவோர் உம் பெயரை அறியவேண்டுவதில்லை; அடுத்த கிழமையும் அங்கே ஆளிருக்கும் என்பதை அறிந்தால் போதும். அந்நம்பிக்கையைக் கெடாமல் அடுத்தவர் கையில் ஒப்படைத்துச் செல்பவரையே நாம் தலைவர் என்போம்.